பதினான்கில் ஒன்று

கஸ்டிகோ மக்காச்சோளக் களியை உருட்டிக்கொண்டிருந்தபோது, முற்றத்தில் விலங்கு பிடிக்கும் ஓர் இரும்புப் பொறி வந்து விழுந்தது. போட்டவள் எலினா. அவன் மனைவியின் தங்கை. தேசியப் பூங்காவில் வனக்காவலர்.

“உங்க கைவேலைதானே அத்தான்?”

“காட்டுப்பன்னிக்கு வெச்சது. தினமும் பீன்ஸையே தின்னா நாக்கு செத்துப்போகுது. எதாச்சும் மாட்டுச்சா?” என்று சிரித்தான்.

“வரிக்குதிரை. குட்டி போட்ட தாய். கால் எலும்பு வெளிய வந்து, ரெண்டு நாளாத் துடிச்சிருக்கு. நான்தான் சுட்டேன்.”

சிரிப்பு நின்றது. உள்நாட்டுப் போரில் இரு தரப்புப் படைகளும் பூங்காச் சமவெளியின் விலங்குகளைத் தின்றே தீர்த்தன. பதினேழு வயதில் துப்பாக்கி தூக்கிய கஸ்டிகோவும் வரிக்குதிரைகளைச் சுட்டுப் படைக்குச் சோறு போட்டவன். கடைசியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. போன வருடம்தான் எல்லைக்கு அப்பாலிருந்து லாரியில் பதினான்கைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

“குட்டி?” என்றான்.

“வந்து பாருங்க.”

போய்ப் பார்த்தான். செத்த தாயின் மடியைக் குட்டி முட்டிக்கொண்டிருந்தது. பால் வராததால் மறுபடி மறுபடி முட்டியது. எலினா பிடிக்கப் போனதும் மிரண்டு புதருக்குள் ஓடிவிட்டது. மறுநாள் காலையில் கழுதைப்புலிகள் மிச்சம் வைத்த குளம்புகள் மட்டுமே கிடைத்தன.

கஸ்டிகோ மண்வெட்டியை எடுத்தான். காட்டுக்குள் அவளுக்கு முன்னால் நடந்து, புதைத்து வைத்திருந்த மற்றப் பொறிகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்துக் கொடுத்தான்.

“இதுக்காக உங்கள விட்டுடுவேன்னு நினைக்காதீங்க. அக்கா அழுவா. ஆனாலும் கேஸ் எழுதித்தான் ஆகணும்” என்றாள் எலினா. குறிப்பேட்டைத் திறந்தாள்.

“எழுதிக்கோ. முழுப் பேரு கஸ்டிகோ சைமோனே.”

ஊர்த்தலைவர் முன்னால் விசாரணை நடந்தது. கூட்டத்தில் ஒருவன், “ஒரு மிருகத்துக்கா ஒரு மனுஷன ஜெயிலுக்கு அனுப்பறீங்க?” என்று கத்தினான். அவன் வீட்டுக் கூரைக்குள்ளும் ஒரு பொறி ஒளித்து வைத்திருந்தது கஸ்டிகோவுக்குத் தெரியும்.

கஸ்டிகோ எழுந்தான்.

“அன்னைக்குப் படையில சுடச் சொன்னாங்க, சுட்டேன். இன்னைக்கு யாரும் சொல்லல. நானா போய் வெச்சேன். ஊருக்குள்ள சண்டை எப்பவோ முடிஞ்சுது. காட்டுக்குள்ள அத முடிக்காம வெச்சிருக்கிறது நாமதான். போய் அவங்கவங்க பொறிய எடுத்துட்டு வாங்க. அதுவரைக்கும் நம்ம யாருக்கும் சண்டை முடிஞ்சதா அர்த்தமில்ல.”