இருபதுக்கு மூன்று

தரத்தை அளக்கத் தெரிந்தவனுக்கு இந்தப் பூமியில் அளக்க முடியாதது என்று எதுவும் கிடையாது. அணுவானாலும் சரி, ஆன்மாவானாலும் சரி, அளவுகோல் ஒன்றுதான். இந்தப் பேருண்மையைச் சிக்கமாதனப்பள்ளி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் வாசலில் நின்று அறிவித்தவர் திருமலை, ஒரு கம்பெனியின் தர மேலாண்மைப் பொது மேலாளர். இருபத்தாறு வருடமாக அவர் அளந்து வந்தது இருசக்கர வண்டியின் சைடு ஸ்டாண்டை இழுத்துப் பிடிக்கும் சுருள்வில்லை. போன வருடம் அதிலும் நாலாயிரம் வில் தரமில்லை என்று திரும்பி வந்துவிட்டது.

அவர் வந்தது கழிப்பறை விஷயமாக. பள்ளியில் கழிப்பறை இல்லை. ஒன்று இருந்தது; கன்டெய்னர் லாரிகள் திரும்ப வசதியாகச் சாலையை அகலப்படுத்தியபோது அது சாலையாகிவிட்டது. அதன் பிறகு பிள்ளைகள் பின்பக்கத்துக் காலி நிலத்துக்குப் போனார்கள். அங்கே மனை போட்டுக் காம்பவுண்டு எழுப்பினார்கள். அப்புறம் நாராயணப்பனின் மாந்தோப்புக்குப் போனார்கள். அவர் நாயை அவிழ்த்து விட்டார். இப்போது நான்கு, ஐந்தாம் வகுப்புப் பெண்கள் பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள், பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. இரண்டு பேர் டிசி வாங்கிக்கொண்டு வேன் வரும் பள்ளிக்குப் போய்விட்டார்கள். மூன்றாவதாக வரிசையில் நின்றவள் ஃபகருன்னிசாவின் மகள், நாலாம் வகுப்பு தஸ்லிம். பள்ளியிலேயே நன்றாகப் படிக்கிறவள்.

"ஜூன் வரைக்கும் பாப்பேன் டீச்சர். அதுக்குள்ள பாத்ரூம் வரலைன்னா டிசி குடுத்துடுங்க. எம்பொண்ணு தண்ணியே குடிக்க மாட்டேங்குறா" என்று ஃபகருன்னிசா சொல்லியிருந்தாள்.

தலைமையாசிரியை நாராயணம்மா மூன்று வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் சுருள்வில் கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது: வட்டாரத்துப் பள்ளிகளைத் தர ஆய்வு செய்யும், நூற்றுக்கு எழுபது வாங்கும் பள்ளிக்குக் கழிப்பறை கட்டித் தரும். விண்ணப்பம் கம்பெனியின் இணையதளத்தில். அதில் பதினேழாவது கேள்வி: 'பள்ளியின் தற்போதைய கழிப்பறை. மதிப்பெண் இருபது. புகைப்படம் கட்டாயம்.'

உதவி ஆசிரியை பிரவீனா கம்பெனிக்கு போன் போட்டாள். எடுத்தவன் தினேஷ்குமார், திருமலையின் உதவியாளன்.

"சார், கழிப்பறை இல்லாததாலதானே கேக்குறோம்? இல்லாததை எப்படி போட்டோ புடிக்கிறது?"

"மேடம், போட்டோ இல்லாம சிஸ்டம் எடுக்காது. ஏதாச்சும் ஒண்ணு போட்டு சப்மிட் குடுங்க. யார் பாக்கப் போறாங்க."

இதில் பிரவீனாவுக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. நம் ஆசிரியர்கள் காலையில் முட்டையைப் போட்டோ எடுப்பார்கள், மதியம் முட்டை சாப்பிடும் வாயைப் போட்டோ எடுப்பார்கள், இடையில் நேரமிருந்தால் பாடம் நடத்துவார்கள். அவள் தன் வீட்டுக் கழிப்பறையையே எடுக்கிறேன் என்றாள். நாராயணம்மா தடுத்துவிட்டார்.

"உங்க வீட்டுது டைல்ஸ் போட்டுப் பளபளன்னு இருக்கும். அதைப் பாத்தா 'இதான் இருக்கே, புதுசு எதுக்கு'ம்பாங்க. இருக்கறதுலயே கேவலமா ஒண்ணு வேணும். பாத்ததும் வயித்தைப் பொரட்டணும்."

முப்பது வருட அரசுப் பணி கற்றுக் கொடுத்த பாடம் அது. அரசாங்கத்தில் இல்லாமையைக் காட்டினால்தான் ஏதாவது கிடைக்கும். ஓடு உடைந்திருந்தால் ஓடு, சுவர் விரிசல் விட்டிருந்தால் சுவர். கம்பெனியில் கதை வேறு என்பதும், அங்கே இருக்கிறவர்களுக்குத்தான் மேலும் கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரியாது.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போனது: 'மிக மோசமான கழிப்பறை போட்டோ ஒன்று உடனே தேவை. அவசரம்.' பத்து நிமிடத்தில் படம் வந்தது. அனுப்பியவள் மாரம்மா, மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா. தாழ்ப்பாள் இல்லாத கதவு, அதைச் சாத்தி வைக்க ஒரு செங்கல், உடைந்த பீங்கான், குழாய் இருக்க வேண்டிய இடத்தில் துணி சுற்றிய ஓட்டை. நாராயணம்மா பார்த்துவிட்டு, "இதுதான், இதேதான்" என்றார். எங்கே எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. சிஸ்டம் எடுத்துக்கொண்டது.

ஆய்வு நாளன்று திருமலை வெள்ளைச் சட்டையில் வந்தார். சட்டையின் முதுகில் 'நேரில் போய்ப் பார்' என்று அச்சடித்திருந்தது. அது அவர்கள் கம்பெனியின் தாரக மந்திரம். தினேஷ்குமார் டேப்லெட்டோடு பின்னால் வந்தான். முன்கூட்டியே கொடுத்த பட்டியலின்படி பிரவீனா எல்லாவற்றுக்கும் பெயர் எழுதி ஒட்டியிருந்தாள். கதவில் 'கதவு', ஜன்னலில் 'ஜன்னல்', குப்பைக்கூடையைச் சுற்றி மஞ்சள் கோடு, கோட்டின் மேல் 'குப்பைக்கூடையின் இடம்'. திருமலை கதவின் முன் நின்று 'கதவு' என்று வாய்விட்டுப் படித்தார். முகம் மலர்ந்தது.

"லேபிளிங், இருபதுக்கு இருபது. எழுதுப்பா."

வெளியே கழற்றிவிட்ட செருப்புகளின் கோணத்தை அளந்தார்கள். நாற்பத்து மூன்று ஜோடியில் ஆறு ஜோடி தொண்ணூறு டிகிரியில் இல்லை. ஒழுங்கு, நாற்பதுக்கு முப்பத்தொன்று. தீயணைக்கும் வாளியில் மணலுக்குப் பதில் கோழி உட்கார்ந்திருந்தது. பாதுகாப்பு, பதினைந்துக்கு ஒன்பது.

அடுத்தது கற்றல். அதற்கு ஐந்து மதிப்பெண். தஸ்லிம் எழுந்து பாடம் முழுவதையும் தடங்கல் இல்லாமல் வாசித்தாள். வீட்டில் உருது, தெருவில் தெலுங்கு, கடையில் கன்னடம். வாசித்த தமிழில் ஒரு எழுத்து சறுக்கவில்லை. திருமலை சுருள்வில்லைத் தட்டிப் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நாலு."

"ஒண்ணு எதுக்கு சார் கொறைச்சீங்க?" என்றார் நாராயணம்மா.

"முழுசா குடுத்தா முன்னேற்றத்துக்கு எடமிருக்காது மேடம்."

"உங்களுக்கு முழுச் சம்பளந்தானே சார் குடுக்குறாங்க?"

தினேஷ்குமார் அவசரமாக டேப்லெட்டுக்குள் குனிந்தான். திருமலை சிரிக்கவில்லை. கடைசியாகக் கழிப்பறை என்றார். திரையில் படத்தைப் பார்த்தார். டேப்லெட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், அதிலிருந்து வாடை வருவது போல.

நாராயணம்மா பின்பக்கம் போகும் வழியை மறைத்து நின்றார். நேரில் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவது? ஆனால் திருமலை சட்டையை அணிந்திருந்தாரே தவிர முதுகைப் படித்ததில்லை.

"இந்த நரகத்துக்கு நான் வேற நேர்ல போகணுமா? போட்டோவே போதும். இருபதுக்கு மூணு. அந்த மூணும் செங்கல்லுக்கு." வாசலில் கூடியிருந்த தாய்மார்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "ஏம்மா, இப்படி ஒரு கழிப்பறையை வச்சுக்கிட்டு எப்படிம்மா சும்மா இருக்கீங்க? இது காசு இல்லாத கொறை இல்ல. மனசுல சுத்தம் இல்லாத கொறை. எங்க பிளான்ட்டுக்கு வந்து பாருங்க. தரையில சோத்தைக் கொட்டி சாப்பிடலாம்."

"தட்டுல போட மாட்டாங்களா சார்?" என்றாள் ஃபகருன்னிசா.

மொத்தம் அறுபத்தேழு. எழுபதுக்கு மூன்று குறைவு. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, அடுத்த ஆய்வு அடுத்த வருடம்.

தாய்மார்கள் கூட்டத்தில் மாரம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று நினைத்து நாராயணம்மா அருகில் போனார். அவள் அழவில்லை.

"என்னாடி இளிப்பு உனக்கு? பாத்ரூம் போச்சு."

"டீச்சர், அது அவங்க பாத்ரூமு."

"யாரோடது?"

"அந்த சாரோட கம்பெனிது. ரெண்டாவது பிளான்ட்டு, லேடீஸ் டாய்லெட்டு. நான் அங்கதானே ஹவுஸ்கீப்பிங்கு, கான்ட்ராக்ட்ல. நீங்க மோசமானது வேணும்னு போட்டீங்க. எனக்குத் தெரிஞ்சு அதுதான் மோசம். வெளிய சொல்லிடாதீங்க டீச்சர், உள்ள போன் எடுத்துட்டுப் போகக் கூடாது. தெரிஞ்சா வேலை போயிடும்."

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்ட ஃபகருன்னிசாவின் கண்கள் மின்னின. அவள் சிப்காட் தொழிற்பேட்டையில் வேறொரு கம்பெனியின் இன்ஸ்பெக்‌ஷன் லைனில் வேலை செய்கிறவள். ஆடிட்டர்களின் வழக்கம் தெரிந்தவள்.

"டீச்சர், மார்க்கை வுடுங்க. மேஜர் என்.சி. எழுதச் சொல்லுங்க."

"அப்படின்னா?"

"பெரிய குத்தம்னு பேப்பர்ல எழுதுறது. எழுதிட்டா அழிக்க முடியாது. முப்பது நாள்ல சரி பண்ணி, முன்னாடி போட்டோ, பின்னாடி போட்டோ ரெண்டும் ஒட்டி மூடணும். மூடலைன்னா ஃபாரின் கஸ்டமரோட ஆடிட்டர் வந்து சங்கைப் புடிப்பான். எங்க மேனேஜருங்க அந்தப் பேரைக் கேட்டாலே பேதியாவாங்க."

திருமலை காரில் ஒரு காலை வைத்திருந்தார். நாராயணம்மா கைகூப்பியபடி போய் நின்றார். இவ்வளவு பணிவை முப்பது வருடத்தில் எந்தக் கல்வி அதிகாரியும் அவரிடம் பார்த்ததில்லை.

"சார், நீங்க சொன்னது உறைச்சுது. தப்பு எங்க மேலதான். மூணு மார்க்கே ஜாஸ்தி."

"இப்பவாச்சும் புரிஞ்சுதே."

"நீங்க மார்க்கோட விட்டுட்டீங்க சார். இது மேஜர் என்.சி. இல்லையா? உங்க அளவு தெரிஞ்சவங்க இதைச் சாதாரணமா விட்டா நாளைக்கு உங்க பேருக்குத்தானே..."

தினேஷ்குமார், "சார், வேண்டாம், அது ரிஜிஸ்டர்ல ஏறும்" என்று முணுமுணுத்தான். ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை தன் துறையின் வார்த்தையைச் சொல்லக் கேட்ட மகிழ்ச்சியில் திருமலைக்கு அது காதில் விழவில்லை. காரின் பானட் மேல் வைத்தே எழுதினார்: 'மேஜர் என்.சி. மனிதப் பயன்பாட்டுக்குத் தகுதியற்றது. இதை இந்நிலையில் வைத்திருப்போர் வெட்கப்பட வேண்டும். உடனே இடித்துப் புதிதாகக் கட்டுக.' படம் இணைப்பு. கையெழுத்து, முத்திரை, தேதி.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நல்ல படத்தை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமை மாதாந்திரத் தரக் கூட்டம். கேன்டீன் திரையில், அறுநூறு தொழிலாளர்கள் முன்னால், 'நம்மைச் சுற்றியுள்ள அவலம்' என்ற தலைப்பின் கீழ் அந்தக் கதவு, அந்தச் செங்கல், அந்தத் துணி சுற்றிய ஓட்டை எல்லாம் பத்தடி உயரத்தில் எழுந்து நின்றன. பெண்கள் பகுதியின் பின்வரிசையிலிருந்து யாரோ, "ஐயோ, நம்ம செங்கல்லு!" என்றாள். சிரிப்பு முன்வரிசைக்கு வர அரை நிமிடம் ஆனது. திருமலை தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசினார். தினேஷ்குமார் காதில் சொன்ன பிறகுதான் திரை அணைந்தது.

அன்று மதியமே கார் பள்ளிக்கு வந்தது.

"யார் எடுத்த போட்டோ அது? சொல்லுங்க மேடம். இது ஏமாத்து வேலை. மேல எழுதினா உங்க வேலையே போகும்."

"நீங்க கையெழுத்துப் போட்ட போட்டோ சார்" என்றார் நாராயணம்மா. மேசையில் இருந்த நகலை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"உள்ள போன் கொண்டு போனது யாரு? அந்தப் பொம்பளை பேரு வேணும் எனக்கு."

"தாராளமா எழுதுங்க சார். 'இது அந்தப் பள்ளியோட கழிப்பறை இல்ல, எங்க கம்பெனியோடது, அதுக்கு நானே இருபதுக்கு மூணு போட்டேன், மனுசன் போக லாயக்கில்லன்னு முத்திரை குத்துனேன்'னு எழுதிக் குடுங்க. நானும் ஆமா, தப்புப் போட்டோ போட்டேன், உங்க ஆள்தான் ஏதாச்சும் போடச் சொன்னார்னு எழுதிக் குடுக்கறேன். ரெண்டு லெட்டரையும் ஒரே கவர்ல போட்டு உங்க ஃபாரின் கஸ்டமருக்கு அனுப்பிடலாம்."

திருமலை தினேஷ்குமாரைப் பார்த்தார். தினேஷ்குமார் 'ஜன்னல்' என்று எழுதியிருந்த ஜன்னலைப் பார்த்தான்.

"ரொம்ப கேவலமான பொம்பளை மேடம் நீங்க."

"அதுக்கு எத்தனை மார்க் சார்?"

கார் போய்விட்டது. புழுதி அடங்கப் பத்து நிமிடம் பிடித்தது. நாராயணம்மா நகலை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

கம்பெனியின் பதிவேட்டில் ஏறியதை அழிக்க முடியாது. படத்தில் இருப்பது பள்ளியின் கழிப்பறை என்று சாதிக்க வேண்டுமானால், பள்ளியில் ஒரு கழிப்பறையைச் சரிசெய்தே ஆக வேண்டும். இல்லாத கழிப்பறையைச் சரிசெய்ய பதினாறாவது நாள் கொத்தனார் வந்தார், முப்பதாவது நாள் தண்ணீர் வந்தது. மூன்று அறை, எவர்சில்வர் குழாய், உள்ளிருந்து பூட்டும் தாழ்ப்பாள். தஸ்லிமின் டிசி எழுதப்படவில்லை. அறிக்கையில் 'முன்' என்ற இடத்தில் மாரம்மாவின் படமும், 'பின்' என்ற இடத்தில் புதுக் கட்டடமும் ஒட்டி, குறைபாடு மூடப்பட்டது. வாடிக்கையாளரின் ஆடிட்டர் அதைப் பாராட்டி ஒரு கடிதம் எழுதினார். திருமலை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

இரண்டாவது பிளான்ட்டின் பெண்கள் கழிப்பறைக்கு இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை. திருமலையின் நாற்காலியிலிருந்து அதன் கதவு பதினெட்டு அடி தூரம்.