பாலத்துக் கைப்பிடியில் செருப்பு வரிசை

டாலிஸ் வட்டாரத்துக்காரர்களுக்குச் செருப்பு கிடையாது என்று நம்பிக்கொண்டு வெளியூர்க்காரர் ஒருவர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால், அந்த நொடியே வட்டாரத்தைச் சேர்ந்த அத்தனை பேர் காலிலிருந்தும் செருப்பும் பூட்ஸும் காலுறையோடு போய்விடும். தொலைந்து போகாது. பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் ஜோடி ஜோடியாக, மூக்கு வடக்கே பார்க்க, வரிசையாக உட்கார்ந்திருக்கும். வந்தவர் திரும்பிப் போகும்வரை, அல்லது மனம் மாறும்வரை, எடுத்துப் போட்டுக்கொண்டாலும் காலில் நிற்காது. மனம் மாறினால் மட்டும் தானாகவே காலுக்கு வந்துவிடும். ஆர்கன்சா மாநிலத்தின் மற்ற வட்டாரங்களில் இப்படி இல்லை. அங்கே ஆலங்கட்டி மழை அதிகம்.

ஐம்பத்தெட்டாம் ஆண்டில் நியூயார்க்கிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் கேமராவோடு வந்தபோது இது தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தை விட்டு வெளியே வந்த நூற்று நாற்பது பேரும் நல்ல கோட்டும் கழுத்துப்பட்டியும் வெறுங்காலுமாகப் படத்தில் விழுந்தார்கள். படத்தைப் பார்த்தவர்களெல்லாம் நம்பிக்கொண்டு வந்தார்கள். நம்பிக்கொண்டு வந்ததால் மறுபடி செருப்பு போயிற்று. அதை அவர்களும் படம் எடுத்தார்கள். ஊரில் யாரும் இதற்காக வாய் திறந்து விளக்கம் சொன்னதில்லை. மாநிலத்திலேயே பெரிய தக்காளி விளையும் மண், எழுபத்துநாலில் பள்ளி வாத்தியக் குழு வாங்கிய முதல் பரிசு, இதையெல்லாம் பாலத்தருகே பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். செருப்பைப் பற்றி எழுதுவது கௌரவக் குறைச்சல்.

பாலத்திலிருந்து செருப்புகளை அள்ளிவந்து வீடு வீடாகச் சேர்க்கும் வேலை ஹோய்ட் லாசிட்டருடையது. வீட்டுத் தொட்டிகளில் கேஸ் நிரப்பும் லாரி ஓட்டுபவர் என்பதால் எல்லா வீடும் தெரியும், எல்லார் காலும் தெரியும். அவருக்கு அறுபத்து மூன்று வயது. ஓரிடத்தில் உட்காரத் தெரியாத மனிதர். அந்த வருஷம் நிற்கவும் முடியவில்லை. அவர் மனைவி நெல்டாவின் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. பழைய டாக்டர் செத்து நான்கு வருஷமாக ஊர் மருத்துவமனை பூட்டிக் கிடந்தது. ஜனவரியில் நெல்டாவுக்கு மூச்சு முட்டியபோது தொண்ணூறு மைல் தள்ளியிருந்த பெரிய மருத்துவமனைக்குக் கேஸ் லாரியிலேயே கொண்டுபோனார். அடுத்த தடவை தொண்ணூறு மைல் தாங்காது என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முன் இரண்டு டாக்டர்கள் ஊரைப் பார்க்க வந்து, வெறுங்கால்களைப் பார்த்து, அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். இரண்டாமவர் நல்ல மனிதர். போனபிறகு ஒரு பெட்டி காலுறை அனுப்பிவைத்தார்.

மூன்றாவதாக பாஸ்டனிலிருந்து மிரியம் ஹோல்ப்ரூக் என்ற பெண் டாக்டர் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வருவதாகக் கடிதம் வந்தது. தேவாலயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். வைக்கோல் கட்டும் கம்பியால் ஆளாளுக்குச் செருப்பைக் கணுக்காலோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்றார், இரும்புக்கடை பெர்டிஸ் டாட்லாக்.

"நாலு சுத்து சுத்தி முறுக்கிட்டா அது எங்க போவும்?"

"அதுக்கு அந்தம்மாகிட்ட போன்லயே சொல்லிட்டா என்னய்யா?" என்றார் ஹோய்ட்.

"என்னன்னு சொல்லுவ? 'அம்மா, எங்ககிட்ட செருப்பு இருக்கு'ன்னா? அறுபது வருஷமா எவன்கிட்டயும் நாம அதச் சொன்னதில்ல. இனிமே போய்ச் சொல்றதுக்கு வெறுங்காலோட சாவலாம்."

"சாவப்போறது நான், பெர்டிஸ்," என்று பின்வரிசையிலிருந்து நெல்டா குரல் கொடுத்தாள். "நீ நல்லா சாப்ட்டுட்டு நல்லாத்தான் இருப்ப."

 ஆனாலும் கம்பிக்குத்தான் ஓட்டு விழுந்தது.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில் டாக்டர் வந்தார். நீளமான கறுப்புக் கார். பட்டப்பகலில் முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாஸ்டன் பக்கம் அது வழக்கம். பின்னால் சாமான் ஏற்றிய மஞ்சள் வண்டி, அதிலும் விளக்கு. இந்தப் பக்கத்தில் விளக்கெரிய இரண்டு வண்டி பகலில் மெதுவாகப் போனால் அது சவ ஊர்வலம். போவது யாரென்று கேட்பதில்லை. வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கடைசி வண்டி கடக்கும்வரை நிற்பார்கள். அன்றும் பதினோரு வண்டிகள் ஓரம் கட்டின. பதினோரு பேர் இறங்கினார்கள். கார் பாலத்தைத் தாண்டிய நொடியில் செருப்புகள் போய்விட்டிருந்தன. முறுக்கிய கம்பி மட்டும் கணுக்காலில் கொலுசு மாதிரி கிடந்தது. ஜூலை மாதத் தார் ரோட்டில் வெறுங்காலோடு, தலை குனிந்து, பதினோரு பேரும் அசையாமல் நின்றார்கள். டாக்டர் வரும் நேரம் நன்றாகத் தெரிந்த ஹோய்ட்டும் அதில் ஒருவர். கறுப்புக் காரையும் விளக்கையும் கண்டதும் கை தொப்பிக்குப் போய்விட்டது. பாதி தூரம் கார் கடந்தபிறகுதான் யாரென்று புரிந்தது. அப்போதும் கடைசி வண்டி போகும்வரை நகரவில்லை.

மருத்துவமனை வாசலுக்கு வந்த ஹோய்ட்டிடம் டாக்டர் கேட்டார், "வழியெல்லாம் நின்னாங்களே, யார் இறந்துட்டாங்க?"

"அதத்தான் உங்களக் கேக்கலாம்னு வந்தேன், டாக்டரம்மா. அந்த மஞ்ச வண்டியில இருக்கறது யாரு?"

"என் புத்தகம், கட்டில். அப்புறம் ஒரு பூனை."

"பூன உசுரோட இருக்கா?"

"இருக்கு."

"அப்ப யாருமில்ல," என்றார் ஹோய்ட்.

டாக்டர் அவர் பாதத்தைப் பார்த்தார். தார் ஒட்டிக் கொப்பளித்திருந்தது. பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அவரை நாற்காலியில் உட்காரவைத்து மருந்து போட்டார். நான்கு வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்கு வந்த முதல் நோயாளி அவர்தான். மற்ற பத்துப் பேரும் வாசலில் வரிசையாகக் காத்திருந்தார்கள்.

"சுடலையா உங்களுக்கு?"

"சுட்டுது."

"அப்புறம் ஏன் நகராம நின்னீங்க?"

"ஒரு மனுஷன் கடைசியாப் போறான். நாம பக்கத்துல நின்னு குதிச்சிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"

"யாருன்னே உங்களுக்குத் தெரியாதே."

"தெரிஞ்சாத்தான் நிக்கணுமா?"

டாக்டர் கட்டுப் போட ஆரம்பித்தார். இரண்டாவது முடிச்சுப் போடும்போது ஹோய்ட்டின் இடது பூட்ஸ் திரும்பி வந்து, கட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டது. வலது வரவில்லை. முன்னே வந்த டாக்டர்கள் இருந்தபோது ஊரில் ஒருவருக்கும் ஒற்றைச் செருப்புகூடத் திரும்பி வந்ததில்லை என்பதால் ஹோய்ட் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு நொண்டியபடி வீட்டுக்குப் போனார்.

இதற்குள் சாவு என்ற செய்தி பரவி, கறுப்புக் கார் நின்ற வாசலுக்குச் சாப்பாடு வரத் தொடங்கிவிட்டது. சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் கொண்டுவருவது: வேகவைத்த பன்றித்தொடை, கடுகும் மஞ்சள் கருவும் பிசைந்து அடைத்த முட்டை, கோழியும் சோறும் சேர்த்துத் தட்டில் சுட்டது, அக்ரூட் போன்ற பீக்கன் பருப்பு வைத்துச் சுட்ட இனிப்பு. இருட்டுவதற்குள் இருபத்தேழு பாத்திரம். யாரும் சாகவில்லை என்று சொன்னபோதும் ஒருவரும் திருப்பி எடுத்துப் போகவில்லை. கொண்டுவந்ததைக் கொண்டுபோவது இந்த ஊரில் இல்லை. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. டாக்டர் தின்றார், பூனை தின்றது, சாமான் வண்டிக்காரன் மூன்று நாள் தங்கித் தின்றான். பிறகு டாக்டர் பெயர்களைப் படித்துப் படித்து வீடு வீடாகப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனார். எந்த வீட்டில் உட்கார்ந்து குளிர்ந்த தேநீர் குடித்து எழுந்தாரோ அந்த வீட்டுக்காரர்களுக்கு அன்றே செருப்பு வந்தது. பாத்திரம் அனுப்பாதவர்கள் அவசரமாக ஒன்று செய்து அனுப்பினார்கள். கடைசியாக லாசிட்டர் வீட்டுக்கு வந்து நெல்டாவின் நெஞ்சில் காதை வைத்தபோது ஹோய்ட்டின் வலது பூட்ஸ் வந்து சேர்ந்தது. இது நடந்தது ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி.

நெல்டாவுக்கு மாத்திரை மாறியது, உப்பு நின்றது, வாரத்துக்கு இரண்டு முறை டாக்டர் வந்து பார்த்தார். குளிர்காலத்தில் இரண்டு தடவை மூச்சு முட்டியது; இரண்டு தடவையும் தொண்ணூறு மைல் போகவேண்டியிருக்கவில்லை. ஆனால் ஹோய்ட்டுக்கு நிம்மதி வரவில்லை. டாக்டரின் தாழ்வாரத்தில் பாஸ்டனிலிருந்து வந்த ஆறு பெட்டிகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. ஜூலையோடு ஒப்பந்தம் முடிகிறது. பிரிக்காத பெட்டி திரும்பிப் போக எவ்வளவு சௌகரியம் என்று யோசித்தபடி, கேஸ் நிரப்பத் தேவையில்லாத நாளிலும் லாரியை அந்தத் தெரு வழியாக விட்டுப் பெட்டிகளை எண்ணினார். ஆறு. எப்போதும் ஆறு. வீட்டுக்கு வந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார்.

"நீ இப்படி உலாத்தறதப் பாத்தா எனக்கு அந்த நல்ல வால்வும் கெட்டுப்போவும்," என்றாள் நெல்டா. "நேராப் போய்க் கேளேன், இருப்பீங்களா மாட்டீங்களான்னு."

"அதெப்படிக் கேக்கறது? கெஞ்சற மாதிரி ஆயிடும்."

"ஆமா, நீயும் பெர்டிஸும் கௌரவத்த வெச்சு என் சமாதிக்குச் சுண்ணாம்பு அடிங்க."

நடுவில் வெளியூர்க்காரர்கள் வருவதும் செருப்பு போவதும் வழக்கம்போல நடந்தன. அப்போதெல்லாம் வட்டாரம் முழுக்க செருப்போடு நடமாடும் ஒரே ஆள், வெளியூர்க்காரரான டாக்டர்தான். முதல் தடவை விழித்தார். மூன்றாம் தடவை, பாதம் சுடாமல் இருக்க மருத்துவமனை வாசலில் ஈரச் சாக்கு விரித்து வைத்தார். அவருடைய வெள்ளைக் கேன்வாஸ் செருப்பைப் பார்க்கும்போதெல்லாம் ஹோய்ட் மறுபடி பெட்டிகளை எண்ணப் போய்விடுவார்.

ஜூன் கடைசியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம். நெல்டா நாற்காலியில், டாக்டர் முட்டி போட்டு அவள் நெஞ்சில் கருவியை வைத்துக்கொண்டு, ஹோய்ட் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக. வடக்கிலிருந்து ஒரு தம்பதி தக்காளி வாங்க வந்து பாலத்தைத் தாண்டினார்கள் போலிருக்கிறது. ஹோய்ட்டின் பூட்ஸ் போயிற்று. நெல்டாவின் செருப்பு போயிற்று. வழக்கம்போல அவர் கண் டாக்டரின் காலுக்குப் போனது. பத்து விரல்களும் தரையில் இருந்தன. டாக்டர் குனிந்து பார்க்கவில்லை. குளிர்ந்த பலகையில் விரல்களைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு, "மூச்ச நல்லா இழுத்து விடுங்க நெல்டா," என்றார்.

ஹோய்ட் அந்த வீட்டில் முதல் தடவையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன, ஒடம்புக்கு முடியலியா?" என்று நெல்டா கேட்டாள்.

தம்பதி கிளம்பிப் போனதும் பாலத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டு போனார். பெர்டிஸின் பூட்ஸுக்கும் நெல்டாவின் பச்சைச் செருப்புக்கும் நடுவில் வெள்ளைக் கேன்வாஸ் ஜோடி, மூக்கு வடக்கே பார்க்க, ஏழரை அளவு. அதன் அடியில் பிளாஸ்திரி ஒட்டி டாக்டர் பெயரை எழுதினார். பிறகு மற்றவற்றோடு அள்ளிப்போட்டுக்கொண்டு, வழியில் முதலில் வரும் வீடு என்பதால் டாட்லாக் வீட்டிலிருந்து கொடுக்க ஆரம்பித்தார்.