கண்காணிப்புக்கு உட்பட்ட வங்கி

வங்கிகளை அரசாங்கம் கண்காணிக்க ஆரம்பித்த புதிது அது. கண்காணிப்பெல்லாம் பெயருக்குத்தான். ஆய்வாளர் போய்ப் பார்க்கலாம், அறிக்கை எழுதலாம், அறிவுரை சொல்லலாம். பூட்டுப் போட முடியாது. பார்த்ததை வெளியே சொன்னாலோ வேலை போய்விடும். கையைக் கட்டிவிட்டுத் திருடனைப் பிடி என்றால் எப்படிப் பிடிப்பது?

கடைத்தெரு வங்கிக்கு ஆய்வாளர் போனது அது மூன்றாவது முறை. ஊரார் போட்ட பணத்தில் பாதிக்கு மேல் முதலாளி தன் மைத்துனனின் ஆலைக்குக் கடனாகத் தூக்கிக் கொடுத்திருந்தார். ஆலையோ மூடிக் கிடந்தது.

"போன தடவை நீங்க சொன்னதெல்லாம் குறிச்சு வச்சிருக்கோம் சார்" என்றார் மேலாளர், சிரித்த முகமாக. குறித்து வைத்ததோடு சரி.

வெளியே வந்தால் வாசலில் ஒரு புதுப் பலகை: 'அரசாங்கக் கண்காணிப்புக்கு உட்பட்ட வங்கி'. ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தான் வந்து போவதையே விளம்பரமாக்கிவிட்டார்களே!

நேரே மேலதிகாரியிடம் போனார்.

"மூடுறதுக்குச் சட்டத்துல இடமில்லையே. திருத்தம் அடுத்த கூட்டத்தொடர்ல வருது."

"போன வருஷமும் அடுத்த கூட்டத்தொடர்னுதான் சார் சொன்னீங்க."

மேலதிகாரி மின்விசிறியைப் பார்த்தார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். அக்காவுக்கு வாயெல்லாம் பல். முதுகுவலி தாங்காமல் தையல் கடையை விற்றவள், அந்தப் பணம் முழுவதையும் அன்று காலைதான் கடைத்தெரு வங்கியில் போட்டிருந்தாள்.

"நாளைக்கே போய் எடுத்துடுக்கா."

"ஏன்டா?"

"காரணம் கேக்காத. சொன்னா என் வேலை போயிடும்."

"நீ பாத்துட்டு வர்ற பேங்க்னுதானேடா போட்டேன்! பலகையே வச்சிருக்கான். மோசமான பேங்க்னா நீ மூடியிருக்க மாட்டியா?"

"மூடுற அதிகாரம் எனக்கில்லக்கா."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "பின்ன எதுக்குடா உனக்குச் சம்பளம்?"

மைத்துனன், ஆலை, எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்து விழுங்கிக்கொண்டார்.

அந்த மாதம் முடிவதற்குள் வங்கி கவிழ்ந்தது. பூட்டிய கதவின் முன் தெருவே நின்று கத்தியது. அப்புறம்தான் மேலே இருந்தவர்களுக்குச் சொரணை வந்தது. திருத்தம் மளமளவென்று நிறைவேறி, மோசமான வங்கியை மூடும் அதிகாரம் ஆய்வாளர் கைக்கு வந்தது.

அதை அக்காவிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. முதுகுவலிக்கு இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தான் விற்ற கடையிலேயே அவள் கூலிக்குத் தைத்துக்கொண்டிருந்தாள்.