மொட்டை மரமும் இன்ஸ்பெக்டர் அண்ணியும்

கிறிஸ்துமஸ் முடிந்து ஊர் உலகமெல்லாம் மரத்தை இறக்கிக் குப்பைக்கு அனுப்பியாகிவிட்டது. பட்டாசு வீட்டு மரம் மட்டும் கூடத்து மூலையில், பாதி வழுக்கை விழுந்த மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தது. நிஜ மரம் வாங்கினால் இதுதான் வம்பு. காய்ந்த ஊசியிலை உதிர்ந்து உதிர்ந்து காலில் குத்தும்.

பட்டாசு என்பது அவள் வேலை பார்க்கும் சலவைக்கடையில் அவளுக்கு வைத்த பெயர். இஸ்திரிப் பெட்டியும் அவளும் ஒரே சூடு என்பார்கள். அப்பேர்ப்பட்டவள் ஒரு மரத்தைத் தொடப் பயந்தாள் என்றால் காரணம் இல்லாமலா?

காரணம் நாத்தனார். புருஷனுக்கு அக்கா. பட்டாசு மனசுக்குள் அவளுக்கு வைத்திருந்த பெயர் இன்ஸ்பெக்டர். எப்போது வந்தாலும் முதலில் அலமாரி மேல் விரலை ஓட்டித் தூசி பார்ப்பாள், அப்புறம்தான் "நல்லாருக்கியா" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து பட்டாசின் சமையலை அவள் வாயாரப் புகழ்ந்தது கிடையாது. ஆனால் இந்த முறை வந்தது வேறு ஆள். இரண்டு மாதம் முன்னால்தான் இன்ஸ்பெக்டரின் கணவர் போய்ச் சேர்ந்திருந்தார். பிள்ளைகுட்டி இல்லை. தம்பி போய்க் கையோடு அழைத்து வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் சொல்லிவிட்டாள்.

"மரத்தை இறக்குற அன்னைக்கு நானும் கிளம்பிடுவேன். அதுவரைக்கும் பொறுத்துக்கோங்க."

முதலில் பட்டாசுக்கு அது தேனாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்? ஆனால் நாள் போகப் போக அது கசந்தது. அலமாரியில் தூசி அப்படியே கிடந்தது, அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் பட்டாசு வேண்டுமென்றே சாப்பாட்டில் உப்பை அள்ளிப் போட்டாள். நாலு வசவு விழட்டும், மனுஷி பழையபடி ஆகட்டும் என்று. தம்பிக்காரன் ஒரு வாய் வைத்ததும் தண்ணீரைத் தேடினான். இன்ஸ்பெக்டர் தட்டைக் காலி செய்தாள்.

"உப்பு சரியா இருக்கா அண்ணி?"

"நல்லாத்தான்மா இருக்கு."

பட்டாசு அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இந்த நிலைமையில் இவளை ஆளில்லாத வீட்டுக்கு எப்படி அனுப்புவது? "இங்கேயே இருந்துடுங்க அண்ணி" என்று கேட்டும் பார்த்தாள். "மரம் இருக்கற வரைக்கும் இருக்கேனே" என்று பதில் வந்தது. அப்புறம் மரத்தில் கை வைத்தால், கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளின மாதிரி ஆகாதா?

புருஷன் பஸ் டிரைவர். "உங்க அக்காதானே, நீங்க பேசுங்களேன்" என்றால், "அப்புறம் பேசறேன்" என்பான். இந்த மகராசன் பஸ்ஸை மட்டும் எப்படித்தான் நேரத்துக்கு எடுக்கிறானோ!

கீழ்வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்ன, அடுத்த வருஷத்துக்கு இப்பவே வச்சுட்டீங்களா?"

"ஆமா டீச்சர், கடைசி நேரத்துல அலைய முடியாதுல்ல?" என்றாள் பட்டாசு, முகத்தில் சிரிப்பே காட்டாமல்.

ஒரு நாள் கடையில் நீராவி இயந்திரம் மக்கர் பண்ணியதால் மத்தியானமே வீடு திரும்பினாள். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இன்ஸ்பெக்டர் முக்காலி மேல் ஏறி நின்று, மரத்திலிருந்து ஊசியிலையைக் கை கையாக உருவித் தரையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

முக்காலி ஆடியது. பட்டாசு ஓடிப் பிடித்தாள். கையும் களவுமாக மாட்டிய இன்ஸ்பெக்டரின் முகம் சுருங்கிவிட்டது.

"பின்னே என்ன பண்ணச் சொல்றே? மொட்டையானாலாவது எடுப்பேன்னு பார்த்தேன். நீ அசைஞ்சு குடுக்க மாட்டேங்கறியே!"

"போகணும்னா போறேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? இவ்வளவு செஞ்சும் நிக்க மாட்டேங்கறாளேன்னு உன் மனசு நோகாதா?"

"என் மனசா? அடப்பாவமே! இத்தனை வருஷமா நோகாததா?"

இருவருக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. இன்ஸ்பெக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அன்னைக்குக் காலையில அவர் சட்டையையெல்லாம் துவைச்சு உள்கொடியில போட்டேன். அது காயறதுக்குள்ள அவர் போயிட்டார். அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். கண்ணை மூடினா அதுதான் தெரியுது. போகணும்மா. போகவும் பயமா இருக்கு."

பட்டாசு மரத்தின் உச்சிக்கு எட்டினாள். நட்சத்திரத்தைக் கழற்றி அண்ணி கையில் கொடுத்தாள். சாயங்காலத்துக்குள் இருவருமாக மரத்தை இறக்கிக் கூடத்தைக் கூட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டரின் பையைத் தூக்கிக்கொண்டு பட்டாசும் கிளம்பினாள்.  அண்ணி வீட்டுக் கதவைப் பட்டாசுதான் திறந்தாள்.

கொடியில் சட்டைகள் விறைத்துப் போய்த் தொங்கின. தோள்பட்டையில் தூசி. நாள் முழுக்க அடுத்தவர் சட்டையோடு மல்லுக்கட்டுகிற பட்டாசின் கை, பழக்கத்தில் முதல் கிளிப்புக்குப் போய்விட்டது. அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

"எடுக்கட்டுமா அண்ணி?"

 இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். சாவு நடந்த அன்றைக்குக்கூட அழாதவள், பட்டாசின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பட்டாசும் அழுதாள்.  இவளையா வேண்டாதவள் என்று நினைத்தோம் என்றிருந்தது அவளுக்கு.

வெகுநேரம் கழித்து அண்ணி மூக்கைச் சிந்தினாள். "இன்னைக்கு எடுக்க முடியாதும்மா. நீ புறப்படு. நாளைக்கு உனக்கு வேலை இருக்கே."

"நாளைக்கு எனக்கு லீவு அண்ணி," என்றாள் பட்டாசு. "அதுக்கு மறுநாளும் லீவுதான்."

கடையில் அப்படி யாரும் லீவு கொடுத்திருக்கவில்லை.