நானூறு வோல்ட்டும் நாற்பத்திரண்டு பாட்டும்

என் வீட்டுக்காரர் ஆரோக்கியசெல்வம் பர்மா சண்டையிலிருந்து கைகால் முழுசாகத் திரும்பி வந்தவர், அரியலூரில் எங்கள் சமையல்கட்டில் சாகப் பார்த்தார். காரணம் ஒரு பிளக்.

பட்டாளத்தில் வயர்லெஸ் பார்த்த மனிதர். ஊருக்கு வந்ததும் வராததுமாக, கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடப்போகிறேன் என்று ஆம்ப்ளிஃபயர் ஒன்று கட்டினார். குரலைப் பெரிதாக்கும் கண்ணாடி வால்வுகள் இருப்பது ஒரு பெட்டி. லாரி பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டை வாங்கி நானூறாக்கிக் கொடுப்பது இன்னொரு பெட்டி. இரண்டையும் ஒன்றாக வைத்தால் மின்சாரப் பெட்டியின் உறுமல் ஒலிபெருக்கிக் குழாயில் கேட்குமாம். தவிர, ஒரே பெட்டியாக இருந்தால் பஸ் மேலே ஏற்ற நாலு ஆள் வேண்டும். ஆகவே தனித்தனி. நடுவில் கழற்றி மாட்ட ஓர் இணைப்பு வேண்டியிருந்தது.

வீட்டில் எரிந்துபோன வால்வு ஒன்று கிடந்தது. கண்ணாடியை உடைத்தெறிந்துவிட்டு, அதன் அடிப்பாகத்தில் கம்பிகளைப் பற்றவைத்து அதையே பிளக்காக்கிவிட்டார். அதன் எட்டு முள்ளும் மின்சாரப் பெட்டியிலிருந்து வரும் கம்பியின் நுனியில் நீட்டிக்கொண்டிருந்தன. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் காபி கேட்டார். பாதி வார்த்தையில் மோர்ப்பானை மேல் போய் விழுந்தார். ஒரு வாரம் வலது கை மரத்துக் கிடந்தது. நான் அழுதேன், பிறகு திட்டினேன். திட்டியதுதான் அதிகம்.

செய்தி பொன்மலைக்குப் போயிற்று. அங்கே இருப்பவர் என் அப்பா அடைக்கலசாமி, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அம்மா காலமான பிறகு தனிக்கட்டை. அடுத்த ரயிலில் வந்து இறங்கினார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் மாப்பிள்ளைக்கு வேலை சொல்லி வைத்திருப்பதாகவும், இரண்டு பேரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு தன்னோடு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. மாமனார் வீட்டில் இருந்துகொண்டு, சங்கு ஊதியதும் ஓடுகிற பிழைப்பு அவருக்கு வேப்பங்காய். கெஞ்சிக் கூத்தாடி அப்பாவை ஒரு நிபந்தனைக்கு இறக்கினோம். ஆவணியில் பெரம்பலூர் சாமிதுரை வீட்டுக் கல்யாணம். அதுதான் செட்டுக்கு முதல் வேலை. தாலி கட்டுவதிலிருந்து பந்தி முடியும்வரை யாரையும் கடிக்காமல், ஒரு தடவைகூட வாயடைக்காமல் செட் பேசினால் நாங்கள் அரியலூரில் இருக்கலாம். இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு அடுத்த திங்கட்கிழமை பொன்மலை.

ஆக, எங்கள் குடித்தனமே ஒரு பிளக்கில் தொங்கியது.

அந்த வால்வு அடிப்பாகத்தையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்றார் முதலில். கல்யாண வீட்டில் பிள்ளைகள் ஓடும், கம்பியில் ஒரு கால் இடறினால் உருவிக்கொண்டு வந்துவிடும் என்றேன். சுவரில் இருக்கிற மாதிரி இரண்டு துளை சாக்கெட்டைப் பெட்டியில் வைக்கட்டுமா என்றார். எந்தப் புண்ணியவானாவது அதில் மேசை விசிறியைச் செருகிவிட்டு, சுற்றவில்லையே என்று நம்மைக் கேட்பான் என்றேன். கோபித்துக்கொண்டு திருச்சிக்குப் போனவர், பட்டாளம் கழித்துப்போட்ட சாமான் விற்கிற கடையிலிருந்து கனமான பித்தளைப் பிளக் ஜோடி ஒன்றை வாங்கி வந்தார். ஒரே வாட்டத்தில்தான் நுழையும். நுழைந்தபின் மேல் வளையத்தைத் திருகி இறுக்கிவிட்டால் மாடு இழுத்தாலும் வராது. பார்த்ததும் எனக்கே பிடித்துப்போயிற்று.

ஆனால் அந்த ஜோடியில் முள் இருக்கிற பாதிதான் பெட்டியில் பதிக்கிற மாதிரி இருந்தது. துளை இருக்கிற பாதி கம்பிக்கானது. இந்த மனிதர் பித்தளைப் பளபளப்பில் மயங்கி, முள் பாதியை மின்சாரப் பெட்டியின் நெற்றியில் வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

"கரண்டு பொறப்படுற பக்கம் முள்ளு இருக்கக் கூடாதுங்க" என்றேன். "கழட்டினா அது வாயத் தொறந்துகிட்டு நிக்கும். முள்ள வால்வுப் பெட்டியில வைங்க. கம்பி கரண்டுப் பெட்டியோட இருக்கட்டும், அது நுனியில தொள இருக்கட்டும். கழட்டினாலும் கரண்டு உள்ளுக்குள்ளயே கெடக்கும்."

பட்டாளத்தில்கூட எனக்கு யாரும் இப்படிப் பாடம் எடுத்ததில்லை, லீலா என்றார். ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மறுநாள் தானே கண்டுபிடித்ததுபோல அப்படியே செய்தார். எனக்கு வேண்டியது அவருடைய கை பிழைப்பது, நல்ல பெயரல்ல, அதனால் விட்டுவிட்டேன்.

கல்யாணத்தன்று செட் சொன்னபடி கேட்டது. இரண்டு பிள்ளைகளும் ஓர் ஆடும் கம்பியில் இடறி விழுந்தும் பிளக் அசையவில்லை. நான் பெட்டிகளுக்குக் காவலாகப் பந்தல்கால் ஓரம் உட்கார்ந்திருந்தேன். தாலி ஏறியது. அடுத்து அப்பா மேடை ஏறினார்.

கையோடு எழுதி வந்த கல்யாண வாழ்த்து, நாற்பத்திரண்டு பாட்டு. ஒவ்வொன்றையும் ராகத்தோடு பாடி, பிறகு பொருளும் சொன்னார். பதினேழாவது பாட்டில் இலை போட்டார்கள். இருபதில் ரசம் ஆறியது. பெரியவர் வாழ்த்தும்போது சோற்றில் கை வைக்க யாருக்கும் துணிவில்லை. கல்யாண மாப்பிள்ளையின் அப்பா சாமிதுரை என் அப்பாவிடம் படித்தவர், வாத்தியாரை நிறுத்தச் சொல்ல நாக்கு எழவில்லை. என்னிடம் வந்து, சம்பந்தி வீட்டார் எழுந்து போகப் பார்க்கிறார்கள், இனி இந்தப் பக்கம் எவன் உங்கள் செட்டைக் கூப்பிடுவான் என்று காதோரம் புலம்பினார்.

நிறுத்தினால் பொன்மலை. நிறுத்தாவிட்டால் பிழைப்பு போய், அப்போதும் பொன்மலை. இருபத்திமூன்றாவது பாட்டில் அப்பா மணப்பெண்ணின் கண்ணுக்கு உவமை தேட ஆரம்பித்ததும் எனக்குக் குறும்பு தலைக்கேறியது. வளையத்தைத் திருகிப் பிளக்கை உருவினேன். நானூறு வோல்ட் என் கையில் பூனைக்குட்டியாகக் கிடந்தது. குழாய் ஓய்ந்தது. எங்கோ ஓர் அப்பளம் நொறுங்கியது, உடனே பந்தி முழுக்கக் கைகள் இறங்கின.

அப்பா மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற தன் மாப்பிள்ளையைப் பார்த்து, வெற்றி பெற்றவராகச் சிரித்தார். என் வீட்டுக்காரர் முகம் மறுபடி செத்துப்போனது. அதைப் பார்த்ததும் என் குறும்பெல்லாம் வடிந்துவிட்டது. என்ன காரியம் செய்தேன் என்று பதறி, பிளக்கை மாட்டி வளையத்தை இறுக்கினேன். ஆனால் வால்வுகள் உடனே பேசாது, சூடேற அரை நிமிஷமாவது ஆகும். அந்த அரை நிமிஷத்தில் அவர் தலையைக் குனிந்துகொண்டு, சரி மாமா, திங்கட்கிழமை வந்துவிடுகிறோம் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவின் சிரிப்பு நின்றது. செத்த மைக் என்ற நம்பிக்கையில் அதைப் பிடித்தபடியே மாப்பிள்ளை பக்கம் சாய்ந்தார். சரியாக அப்போதுதான் குழாய் உயிர்பெற்றது.

"வேலைன்னு ஒண்ணும் இல்ல மாப்ள. நான் சொன்னது பொய். லீலா இல்லாம அந்த வூட்டுல பேச ஆளில்ல. அதான் எங்க மைக்கப் பாத்தாலும் நின்னு பேசித் தொலைக்கிறேன்."

பெரம்பலூர் கடைத்தெருவரை கேட்டது. அள்ளிய சோறு அப்படியே கையில் நிற்க, பந்தி முழுக்க மேடையைப் பார்த்தது. தன் குரல் குழாயிலிருந்து திரும்பி வந்ததைக் கேட்ட அப்பா, அடிபட்ட பிள்ளை மாதிரி என்னைத் தேடினார். கழற்றிவிடு என்று சாமிதுரை கை காட்டினார். நான் கழற்றவில்லை.

பிறகு சாமிதுரையே மேடை ஏறினார். "மிச்சத்தையும் பாடுங்க சார். நாங்க சாப்பிட்டுகிட்டே கேக்குறோம்" என்றார்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட பாட்டையும் மிச்சப் பத்தொன்பதையும் பாடினார். பொருள் மட்டும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நாங்கள் இருவரும் பொன்மலைக்குப் போனோம், அவருடைய மூட்டையைக் கட்ட.