ஸ்லிம் மாடல்

வீரன் வீடியோ கேம் கன்சோலைப் பெட்டியோடு தூக்கிக் கவுண்டர் மேல் எறிந்தார். கண்ணாடி நொறுங்கியது. ஒரு சில்லு என் உள்ளங்கையில் இறங்கியது.

"நீதான புள்ள சொன்ன, இனி வெல எறங்காதுன்னு?"

நான்தான் சொன்னேன். நேற்று, இதே இடத்தில் நின்று. போர்வெல் ரிக் வண்டியில் போய் மாதக்கணக்கில் வடக்கே மண்ணும் புகையும் தின்றுவிட்டு வந்தவர் வீரன். மகளுக்கு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாராம். "கொஞ்சம் பொறுத்தா கொறையுங்களா அம்மிணி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஓனர் காளியண்ணனிடம் போய்க் கேட்டேன். "ஏறத்தான் போவுது, தைரியமாச் சொல்லு" என்றார். சொன்னேன். நம்பி வாங்கிப் போனார். இன்று காலை அதே கன்சோலின் ஸ்லிம் மாடல் சந்தைக்கு வந்துவிட்டது. பாதி கனம், ஃபேன் சத்தமே இல்லை, விலையும் குறைவு. பழைய மாடலைச் சீந்த ஆளில்லாமல் பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள். ஊர் முழுக்க செல்போனில் அதுதான் ஓடுகிறது.

எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவள் நான். பள்ளிபாளையத்துத் தறிக்கூடத்தில் அம்மா நூல் சுற்றிப் படிக்க வைத்த பி.காம். படித்த பெண் சொன்னால் ஜனங்கள் நம்புகிறார்கள். அதற்காகத்தான் என்னைக் கவுண்டரில் நிறுத்தியிருந்தார் காளியண்ணன். மூஞ்சி என்னுடையது, பேச்சு அவருடையது.

அவர் கேபினிலிருந்து சாவகாசமாக வந்தார். "எனக்கொண்ணும் தெரியாதுங்க. புள்ள வாய்க்கு வந்ததச் சொல்லிப்போட்டுது. இன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பீர்றனுங்க."

போன வாரம் வந்த அட்டைப்பெட்டிகள் நினைவுக்கு வந்தன. 'சர்வீஸ் சாமான், பிரிக்காதே' என்று சொல்லி என்னையே பின்னறைக்குச் சுமக்க வைத்தவை. உள்ளே போய்க் கத்தியால் கிழித்தேன். அத்தனையும் ஸ்லிம் மாடல். ஒன்றைக் கொண்டுவந்து வீரனின் காலடியில் போட்டேன்.

"போன வாரமே வந்துருச்சுங்க. பழசு தீரட்டும்னு ஒளிச்சு வெச்சிருக்காரு. நேத்து அவரைக் கேட்டுத்தான் உங்களுக்குச் சொன்னேன்."

காளியண்ணன் அறைந்தார். காதுக்குள் விசில் அடித்தது.

"எங்கடையில நின்னுக்கிட்டு என்னையவே காட்டிக் குடுக்கறயாடி?"

இன்னொரு முறை அறையக் கை ஓங்கினார். வீரன் அந்தக் கையைப் பிடித்து முறுக்கி, அவர் முகத்தைச் சுவரில் மோதினார். சுவரில் ரத்தம் தெறித்தது. டெமோ டிவி சரிந்து விழுந்தது. மறுபடி மோதினார்.

"அம்மிணி! வந்து புடி அம்மிணி! கொன்னுபோடுவான்!"

காளியண்ணன் அலறினார். இப்போது அம்மிணி.

வெளியே வந்து ஷட்டரை இழுத்து இறக்கினேன். ஸ்கூட்டியில் வந்த ஒருத்தி வண்டியை நிறுத்தினாள்.

"கடை இல்லீங்களாக்கா? ஸ்லிம் மாடல் என்ன வெலைன்னு கேக்கோணும்."

"இருக்குதுங்க. உள்ள வெல பேசீட்டிருக்காங்க. செத்த நில்லுங்க."

ஷட்டர் உள்ளிருந்து ஒருமுறை வெளியே புடைத்தது. அவள் வண்டியைப் பின்னால் தள்ளினாள். நான் ஷட்டர் கைப்பிடியை மிதித்துக்கொண்டு நின்றேன். கையிலிருந்து வடிந்த ரத்தம் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.