சுப்புத்தாயின் கொழும்புக் கத்தி

சுப்புத்தாயின் இடுப்பில் இருக்கும் மடக்குக்கத்தியைக் கண்டாலே பூவனலிங்கத்துக்கு வயிறு எரியும்.

மாட்டுக்கொம்பில் பிடி போட்ட சின்னக் கத்தி அது. விரித்தால் ஒரு சாண் இருக்காது. அதை அனுப்பியவன் நந்தகோபால், அவளுடைய தாய்மாமன் மகன். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டியவன் அவன்தான். கொழும்புக்குப் பிழைக்கப் போனவன் இரண்டு வருசமாக ஒரு கடுதாசி போடவில்லை. சுப்புத்தாயின் அப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, அறுபது ஆட்டுக்குச் சொந்தக்காரன் என்று பூவனலிங்கத்துக்குக் கட்டிவைத்துவிட்டார். தாலி ஏறிப் பத்தாம் நாள், கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் கத்தி வந்து சேர்ந்தது. கூடவே ஒரு துண்டுக் காகிதம்: 'சுப்புவிடம் கொடுக்கவும்.' கல்யாணச் சீர் என்று ஊர் எடுத்துக்கொண்டது. பூவனலிங்கத்தால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நாலு வருசம் ஓடிவிட்டது. கத்தி மட்டும் வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. குளம்பு சீவினாலும் சரி, நார்க்கயிறு அறுத்தாலும் சரி, வழுக்கிக்கொண்டு இறங்கும். குட்டி போடுகிற ஈத்து நேரத்தில் தெருவில் எந்த வீட்டு ஆடு கத்தினாலும் தொப்புள்கொடி அறுக்கச் சுப்புத்தாயைத்தான் கூப்பிடுவார்கள்.

"கொழும்பு இரும்புன்னா கொழும்பு இரும்புதான்," என்பாள் பக்கத்து வீட்டு வெயிலுகந்தம்மாள். "நாலு வருசமாக் கூரு மழுங்கலையே!"

அவள் சொல்வது கத்தியைத்தான். பூவனலிங்கத்தின் காதில் அது நந்தகோபாலைப் புகழ்கிற மாதிரி விழும். அவனிடமும் ஒரு மடக்குக்கத்தி உண்டு, கோவில்பட்டிச் சந்தையில் வாங்கியது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மாசி மாதத்தில் ஒருநாள் சுப்புத்தாய் பருத்தி எடுக்கப் போகும்போது கத்தியை ஓலைக் கொட்டானிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். பூவனலிங்கம் அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டு ஆடுகளைப் பத்திக்கொண்டு கிளம்பினான். இன்றைக்கு இதன் யோக்கியதையைப் பார்த்துவிடுவது என்று முடிவு.

பருத்தி எடுத்து முடிந்த காட்டில் ஆடுகளை விட்டுவிட்டு உடைமரத்தடியில் உட்கார்ந்தான். கையோடு ஒரு சுருள் கத்தாழை நார்க்கயிறு கொண்டுவந்திருந்தான். முதலில் தன் கத்தி. கயிற்றை விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொண்டே வந்தான். பத்துத் துண்டுக்கு ஒருதரம் முன்கை முடியில் கத்தியை வைத்து இழுத்துப் பார்த்தான். இருபதுக்கு மேல் முடி வரவில்லை, தோல்தான் சிவந்தது.

பிறகு கொழும்புக் கத்தியை விரித்தான். இருபது துண்டு ஆயிற்று. முடி பொலபொலவென்று உதிர்ந்தது. நாற்பது ஆயிற்று, அப்போதும் உதிர்ந்தது. ஐம்பதைத் தாண்டியபோது அவனுக்கு வியர்த்துவிட்டது.

"மழுங்கித் தொலையேன்!" என்று கத்தியைப் பார்த்து வாய்விட்டே சொன்னான்.

எழுபதாவது துண்டுக்குப் பிறகுதான் முடி அறுபடாமல் வளைந்தது.

எழுபது எங்கே, இருபது எங்கே! அதோடு விட்டிருக்கலாம். மனசு விடவில்லை. காய்ந்த பருத்திச் செடி மாரை வெட்டினான். பனைமட்டைக் கருக்கைச் சீவினான். ஆத்திரம் அடங்காமல் ஒரு சுக்கான்கல்லில் வைத்து நாலு இழுப்பு இழுத்தான். கத்தியின் வாய் பல் பல்லாகப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் மடக்கிக் கொட்டானில் பழைய இடத்திலேயே வைத்தான். அன்றைக்கு இரண்டு கும்பாக் கஞ்சி இறங்கியது.

கஞ்சி ஊற்றும்போது சுப்புத்தாய் அவன் கையைப் பார்த்தாள்.

"கையில என்ன, முடியே காணோம்?"

"வெயிலுக்குக் கொட்டியிருக்கும்."

"ஒரு கைக்கு மட்டுமா வெயிலடிச்சுது?" என்றவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

நாலாம் நாள் அதே தெருவில் ராமசுப்பு வீட்டு ஆடு இரட்டைக் குட்டி போட்டது. சுப்புத்தாயைக் கூப்பிட ஆள் வந்ததும், தானும் கூடவே போனான் பூவனலிங்கம். ஊர் முன்னால் கொழும்பு இரும்பின் மானம் போவதைப் பார்க்க வேண்டும் அவனுக்கு. அவள் கத்தியை விரித்தாள். ஒரே இழுப்பில் கொடி அறுந்தது. கத்தியின் வாயில் ஒரு பல்கூட இல்லை.

இரும்பு தானாகவா வளரும்? அன்று முதல் ஆட்டுக்குப் பின்னால் நடக்கும்போதெல்லாம் பூவனலிங்கத்துக்கு அதே நினைப்பு. கத்தியா அது? நந்தகோபாலே நாள் முழுக்க அவள் இடுப்பிலேயே இருக்கிறான், அழிக்கப் பார்த்தாலும் அழியமாட்டேன் என்கிறான் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

சித்திரையில் நந்தகோபாலே வந்துவிட்டான். கடம்பூர் ஸ்டேஷனில் இறங்கி, கையில் போளிப் பொட்டலத்தோடு வந்தான். பூவனலிங்கம் மனசில் வைத்திருந்த ஆள் வேறு. இவனுக்கு முன்தலை வழுக்கை, தொப்பை வேறு விழுந்திருந்தது. "சௌக்கியமா அண்ணாச்சி?" என்று கூச்சமில்லாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

சுப்புத்தாய் வெள்ளரிக்காயும் கத்தியும் கொண்டுவந்து வைத்தாள். நந்தகோபால் காயை நறுக்கினான். இரண்டு துண்டு போட்டதும் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏ சுப்பு, இது நான் அனுப்புனதா?"

"ஆமா அத்தான்."

"நெசமாவா? அண்ணாச்சி, இதே கத்தி அங்கன ஒரு டஜன் வாங்குனேன். தெரிஞ்சவிய அத்தன பேருக்கும் ஒண்ணொண்ணு குடுத்தேன். எல்லாரும் என்னை ஏசுதாவ. வெறும் தகரம்! நித்தமும் தீட்டலன்னா வாழப்பழம்கூட அறுக்காது. இவ என்ன மாயம் பண்ணுனாளோ!"

அவன் சிரித்தான். சுப்புத்தாய் சிரிக்கவில்லை. உப்பு எடுத்துவருவதாகச் சொல்லி உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

சாயங்கால ரயிலுக்கு அவன் போனதும் பூவனலிங்கம் அவளிடம் வந்தான்.

"நித்தமும் தீட்டுதியோ?"

"ஆமா. நீங்க ராத்திரி ஆட்டுக் கிடையில படுத்துட்டுக் காலையில வாரதுக்கு முன்னால, கிணத்தடிக் கல்லுல."

"அவன் குடுத்ததுங்கதாலயா?"

அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. "மொத ரெண்டு வருசம் அப்படித்தான்," என்றாள். "பொறவு ஆட்டுக்காக. வேற ஒரு மழுங்குன கத்தி கொடியப் பிச்சு, நம்ம செவலக்குட்டி சீப்பிடிச்சுச் செத்துச்சுல்லா? அதுலருந்து."

இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருக்க மாட்டான். ஆமாம் என்றுவிட்டாள். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"அன்னைக்குக் கத்திய எடுத்துட்டுப் போயிப் பல்லு பல்லா ஆக்கிக் கொண்டாந்து வச்சிய. சரியாக்க மூணு நாளு ஆச்சு எனக்கு. ஒரு வார்த்த கேட்டேனா?"

"ஏன் கேக்கல?"

"நாலு வருசமா நீங்க அதப் பாக்கிற பார்வ எனக்குத் தெரியாதா? ஒருநா செய்வியன்னுதான் நெனச்சேன். டஜன்ல ஒண்ணுன்னு எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்."

கடைசி வார்த்தையில் அவள் குரல் இறங்கிவிட்டது. அது யாருக்காக இறங்கியது என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் நிசத்தைச் சொல்லிவிடுவாள்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகக் கிடையிலிருந்து நேரே கிணற்றடிக்கு வந்தான். அவள் குத்துக்காலிட்டுக் கல்லில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"சும்மா நிக்கதுக்கு அந்தச் செம்ப எடுத்துக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க," என்றாள்.

பூவனலிங்கம் செம்பை எடுத்து, கல்லின் மேல் மெல்ல ஊற்றினான். அந்த முதல் இரண்டு வருசத்தை நினைத்து வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. போதும் என்று அவள் சொல்லுகிற வரைக்கும் ஊற்றினான்.